வீட்டில் ஆஸ்துமா பம்பு இருக்கிறதா? இந்தக் குறிப்புகள் உங்களுக்கு

தேக்கா பக்கம் நடந்தால் சாம்பிராணி, மல்லிகை, வறுத்த மிளகாய், கருவாடு என்று மூக்குக்கு ஓய்வே கிடையாது. இழுப்பு உள்ளவர்களுக்கு இவற்றில் ஏதாவது ஒன்று போதும், நெஞ்சு அடைத்துக்கொள்ளும். சிராங்கூன் சாலைக்குச் சாமான் வாங்க வருகிறவர்கள் பலருடைய கைப்பையில் ஒரு நீலப் பம்பு கிடக்கும். ஆனால் அதைச் சரியாக இழுக்கத் தெரிந்தவர்கள் குறைவு. எந்தப் பம்பு எதற்கு என்று தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. இதனால் தேவையில்லாமல் எத்தனையோ பேர் இரவு முழுக்க உட்கார்ந்தே விடிய வைக்கிறார்கள். அந்தக் கவலையில்தான் இதை எழுதுகிறேன். மருந்தின் அளவை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் டாக்டர். மருந்தை வீட்டில் எப்படிக் கையாள்வது என்பதற்கு மட்டும் இந்தக் குறிப்புகள்.

1. பம்புகள் இரண்டு வகை. ஒன்று உடனடி நிவாரணப் பம்பு, மற்றது தடுப்புப் பம்பு. நீல நிறத்தில் வரும் வெண்டோலின் முதல் வகை. அதில் உள்ள மருந்து சால்பியூட்டமால். மூச்சுக்குழாயைச் சுற்றி இறுகிப்போன தசையை அது சில நிமிடங்களில் தளர்த்திவிடும். நான்கு முதல் ஆறு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். ஆனால் குழாயின் உட்சுவர் வீங்கிச் சளி கட்டியிருக்கிறதே, அந்த வீக்கத்தை அது தொடுவதே இல்லை. வீக்கத்தை வற்ற வைப்பது பியூடிசோனைட், பெக்லோமெத்தசோன், ஃபுளூட்டிகசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்து உள்ள தடுப்புப் பம்பு. அது அன்றைக்கே வேலை காட்டாது. சில நாள், சில வாரம் விடாமல் இழுத்தால்தான் பலன் தெரியும். "இதை இழுத்தா ஒண்ணுமே தெரியலை, அந்த நீலத்தை இழுத்தாத்தான் கேக்குது" என்று தடுப்புப் பம்பை அலமாரியில் போட்டுவிடுகிறார்களே, இழுப்பு திரும்பத் திரும்ப வருவதற்கு அதுதான் முதல் காரணம். உடம்பு நன்றாக இருக்கும் நாளிலும் இழுக்க வேண்டிய மருந்து அது.

2. நீலப் பம்பை மட்டும் நம்பியிருக்காதீர்கள். ஜினா என்று சுருக்கமாக அழைக்கப்படும் உலக ஆஸ்துமா வல்லுநர் அமைப்பு, பெரியவர்களுக்கும் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கும் நீலப் பம்பை மட்டும் கொடுத்து அனுப்பக் கூடாது, ஸ்டீராய்டு கலந்த பம்பு ஏதாவது ஒரு வடிவில் எல்லாருக்கும் தேவை என்று 2019இல் சொல்லிவிட்டது. 2020இல் சிங்கப்பூரில் வந்த மருத்துவ வழிகாட்டியும் அதையே வலியுறுத்தியது. ஓர் ஆண்டில் 200 முறை அழுத்தக்கூடிய நீலப் பம்பு மூன்றோ அதற்கு மேலோ காலியானால், கடுமையான இழுப்பு வரும் ஆபத்து கூடுகிறது. பன்னிரண்டைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே காலிப் பம்பை உடனே குப்பையில் போடாமல் ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அந்த டப்பாவையும் கொண்டு போங்கள். "அப்பப்ப இழுக்கிறேன் டாக்டர்" என்பதைவிட அந்த டப்பா தெளிவாகப் பேசும்.

3. இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்யும் பம்பும் உண்டு. சிம்பிகார்ட்டில் பியூடிசோனைட், ஃபார்மோட்டெரால் என இரண்டு மருந்துகள். ஃபார்மோட்டெரால் சில நிமிடங்களிலேயே மூச்சைத் திறந்துவிடும், ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் நிற்கும். அதனால் டாக்டர் சொன்னால் அதையே தினசரிக்கும் அவசரத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். ஊதா நிற செரிடைடு அப்படியல்ல. அதில் இருக்கும் சால்மெட்டெரால் மெதுவாகத்தான் வேலை செய்யும்; மூச்சு முட்டும் நேரத்தில் அதை இழுத்துக் காத்திருக்கக் கூடாது. உங்களிடம் இருப்பது எது என்று இன்றே பெட்டியைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். சிம்பிகார்ட் என்றால், ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை முறை இழுக்கலாம் என்பதை டாக்டரிடம் எழுதி வாங்கிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள்.

4. அழுத்தி இழுக்கும் பம்பில் பெரும்பாலானவர்கள் தவறுவது வேகத்தில்தான். முதலில் நன்றாகக் குலுக்குங்கள். மூச்சை முழுக்க வெளியே விடுங்கள். பிறகு உதட்டால் இறுக்கிப் பிடித்து, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கியதும் ஒரு முறை அழுத்துங்கள். நிறுத்தாமல் மெதுவாகவே இழுத்து முடித்து, பத்து வரை எண்ணும் வரை மூச்சைப் பிடியுங்கள். அடுத்த அழுத்துக்கு முன் அரை நிமிடமாவது இடைவெளி விட்டு மறுபடி குலுக்குங்கள். வேகமாக 'சர்'ரென்று இழுத்தால் மருந்து தொண்டைச் சுவரில் மோதி அங்கேயே தங்கிவிடும். நாக்கில் மருந்தின் கசப்புத் தெரிந்தாலோ வாயோரம் புகை போல வெளியே வந்தாலோ, மருந்து நுரையீரலுக்குப் போகவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

இந்த வகைப் பம்பு வந்த கதை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. 1955இல் அமெரிக்காவில் ரைக்கர் என்ற மருந்து நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் மெய்சனிடம் அவருடைய ஆஸ்துமா உள்ள மகள், தன் மருந்தையும் ஏன் ஸ்பிரே டப்பாவில் போட்டுத் தரக் கூடாது என்று கேட்டாளாம். அதுவரை கண்ணாடிக் குழலில் மருந்தை ஊற்றி ரப்பர் பந்தை அமுக்கிக் கொண்டிருந்தார்கள். மறு ஆண்டே, 1956இல், அழுத்தும் பம்பு சந்தைக்கு வந்துவிட்டது. வெண்டோலின் வந்தது 1969இல்.

5. ஸ்பேசர் வாங்குங்கள். பம்புக்கும் வாய்க்கும் நடுவில் பொருத்தும் பிளாஸ்டிக் குழல்தான் ஸ்பேசர். இதைக் குழந்தைகளுக்கு மட்டும் என்று நினைத்துப் பெரியவர்கள் வெட்கப்படுகிறார்கள். அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நொடியில் நடக்க வேண்டும் என்ற சிக்கலே இதில் இல்லை. மருந்து குழலுக்குள் நிற்கும், நீங்கள் நிதானமாக இழுக்கலாம். தொண்டையில் படிவதும் குறையும். சின்னப் பிள்ளைகளுக்கு முகமூடி வைத்த ஸ்பேசர். முகமூடி மூக்கையும் வாயையும் இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். ஒரு முறை அழுத்திவிட்டுப் பிள்ளை ஐந்தாறு முறை சாதாரணமாக மூச்சு விடட்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இருக்கும் சின்ன வால்வு திறந்து மூடும். 'டிக் டிக்' என்று அது அசைவதைப் பார்த்தே எண்ணலாம். இரண்டு அழுத்தைச் சேர்த்து ஒரே தடவையாகக் குழலுக்குள் விடாதீர்கள். அழுகிற பிள்ளைக்கு மருந்து சரியாக இறங்காது. தூங்கும்போது கொடுக்கலாம் என்று நினைப்பதும் பெரும்பாலும் பலிக்காது, முகமூடி பட்டதும் விழித்துக்கொள்ளும். விளையாட்டாகப் பொம்மைக்கு முதலில் வைத்துக் காட்டுவது நல்ல வழி.

6. நெபுலைசர் வாங்க வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். புகை வந்தால்தான் மருந்து பலமாக இறங்குகிறது என்ற எண்ணம் நம்மவர்களிடம் ஆழமாக இருக்கிறது. மிதமான இழுப்புக்கு, பம்பும் ஸ்பேசரும் சேர்ந்து நெபுலைசர் அளவுக்கே வேலை செய்கின்றன என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். ஸ்பேசர் பைக்குள் அடங்கும், மின்சாரம் வேண்டாம், கழுவுவதும் எளிது. உங்கள் பிள்ளைக்கு நெபுலைசர் தேவை என்று டாக்டர் சொன்னால் அது வேறு விஷயம்.

7. ஸ்பேசரைத் துணியால் துடைக்காதீர்கள். துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். மாதம் ஒரு முறை வெதுவெதுப்பான நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு ஊறவைத்து எடுத்து, அப்படியே நிமிர்த்தி வைத்து உலரவிடுங்கள். புதிதாக வாங்கியதையும் முதல் தடவை இப்படிக் கழுவிவிட்டுப் பயன்படுத்துவது நல்லது. விரிசல் விட்டாலோ வால்வு ஒட்டிக்கொண்டாலோ மாற்றிவிடுங்கள்.

8. பம்பின் பிளாஸ்டிக் கூட்டையும் வாரம் ஒரு முறை கழுவ வேண்டும். உள்ளே இருக்கும் உலோகக் குப்பியை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள், அது நனையக் கூடாது. கூட்டின் துவாரத்தில் வெள்ளையாக மருந்துப்பொடி படிந்திருக்கும். ஓடும் வெந்நீரில் அது போய்விடும். முழுக்கக் காய்ந்த பிறகே குப்பியைப் பொருத்துங்கள். "பம்பு அடைச்சுக்கிச்சு" என்று புதிது வாங்குகிறவர்கள் பலருக்கு இந்த ஒரு கழுவலே போதும். புதுப் பம்பையோ பல நாள் தொடாத பம்பையோ எடுத்தால் முதலில் காற்றில் இரண்டு மூன்று முறை அழுத்திவிட்டு இழுங்கள். சரியான எண்ணிக்கை பெட்டிக்குள் இருக்கும் தாளில் இருக்கும்.

9. டர்புஹேலர் போன்ற பொடி மருந்துக்கு விதிகள் அப்படியே தலைகீழ். இதை மெதுவாக அல்ல, வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். நிமிர்த்திப் பிடித்து, அடியில் இருக்கும் வளையத்தை ஒரு பக்கம் முழுக்கத் திருகி, 'கிளிக்' சத்தம் வரும்வரை திருப்பிக் கொண்டுவந்தால் ஒரு வேளை மருந்து தயார். ஸ்பேசர் வேண்டாம். அதற்குள் மூச்சை ஊதக் கூடாது; மூச்சின் ஈரம் பட்டால் பொடி கட்டியாகிவிடும். தண்ணீரில் கழுவவும் கூடாது, உலர்ந்த துணியால் வாய்ப்பகுதியைத் துடைத்தால் போதும். சிங்கப்பூரின் ஈரக்காற்றில் மூடியைத் திறந்து வைப்பதும், குளியலறைத் தட்டில் வைப்பதும் இந்த மருந்தை வீணாக்கும். இழுத்த பிறகு வாயில் சுவையே தெரியாமல் போகலாம். மருந்து வரவில்லை என்று நினைத்து மறுபடி இழுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று முக்கியம். டர்புஹேலரைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே ஏதோ சலசலக்கும். "இன்னும் மருந்து இருக்கு பாருங்க" என்று அதை மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அந்தச் சத்தம் மருந்தினுடையது அல்ல. ஈரத்தை உறிஞ்ச உள்ளே வைத்திருக்கும் மணிகளின் சத்தம். மருந்து தீர்ந்த பிறகும் அது சலசலத்துக்கொண்டேதான் இருக்கும். பக்கவாட்டில் இருக்கும் சின்னச் சாளரத்தில் எண்ணையும் சிவப்புக் குறியையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

10. குப்பியைத் தண்ணீரில் மிதக்கவிட்டு மருந்து இருக்கிறதா என்று பார்க்கும் பழைய பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். மருந்து தீர்ந்தாலும் வாயு இருக்கும், மிதப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பம்பில் எண் காட்டும் கருவி இருந்தால் அதைப் பாருங்கள். இல்லாவிட்டால் கணக்குதான். 120 அழுத்து உள்ள தடுப்புப் பம்பைக் காலை இரண்டு, இரவு இரண்டு என்று இழுத்தால் சரியாக 30 நாள். திறக்கும் அன்றே முடியும் தேதியை மார்க்கரால் பெட்டிமேல் எழுதிவிடுங்கள். அதற்கு ஒரு வாரம் முன்னால் அடுத்ததை வாங்குங்கள்.

11. ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டதும் பயந்து பாதி வேளையாகக் குறைப்பது வேண்டாம். கடுமையான இழுப்புக்குச் சில நாள் கொடுக்கும் பிரெட்னிசோலோன் மாத்திரை ஒரு நாளைக்கு 30 மில்லிகிராம் இருக்கலாம். பம்பில் ஒரு அழுத்து 200 மைக்ரோகிராம் என்றால், அது அந்த மாத்திரையின் எடையில் நூற்றைம்பதில் ஒரு பங்கு. அதுவும் நேராக நுரையீரலுக்குப் போகிறது. பிள்ளைகள் வளர்த்தி பற்றித் தாய்மார் கேட்பது நியாயமான கேள்வி. பிள்ளைகளைப் பெரியவர்களாகும் வரை தொடர்ந்து பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில், உயரத்தில் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வித்தியாசம் என்று 2012இல் வெளியிட்டார்கள். கட்டுப்படாத ஆஸ்துமாவே பிள்ளையின் வளர்ச்சியைப் பாதிக்கும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மூன்று மாதம் நன்றாக இருந்தால் அவரே குறைத்துப் பார்ப்பார்.

12. தடுப்புப் பம்பை இழுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள், விழுங்க வேண்டாம். இல்லாவிட்டால் நாக்கிலும் தொண்டையிலும் வெள்ளையாகப் பூஞ்சை படியும், குரல் கம்மும். பாட்டுக் கற்கும் பிள்ளைகள், வகுப்பெடுக்கும் ஆசிரியர்கள் இதில் கூடுதல் கவனமாக இருங்கள். மறதிக்கும் மருந்து இதிலேயே இருக்கிறது: பல் தேய்ப்பதற்குச் சற்று முன் இழுக்கும் பழக்கம் வைத்துக்கொண்டால் வேளையும் தவறாது, கொப்பளிப்பதும் தானே நடந்துவிடும்.

13. ஊரிலிருந்து கொண்டுவரும் மருந்துகள். திருச்சி, சென்னை விமானத்தில் வருகிறவர்களிடம் "அங்க விலை கம்மி, நாலு பம்பு வாங்கிட்டு வாங்கண்ணே" என்று சொல்லிவிடும் பழக்கம் இங்கே உண்டு. வாங்கலாம், ஆனால் பெயரைச் சரிபார்த்து வாங்குங்கள். அஸ்தாலினும் வெண்டோலினும் ஒரே மருந்து. ஃபோராகார்ட்டும் சிம்பிகார்ட்டும் ஒரே ஜோடி மருந்துகள். செரோஃப்ளோவும் செரிடைடும் அப்படியே. பெயர் வேறாக இருப்பதால் வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் சேர்த்து இழுத்து, படபடப்பும் கைநடுக்கமும் வந்து தவிப்பவர்கள் உண்டு. நிறத்தை நம்பாதீர்கள், நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பெட்டியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும் மருந்துப் பெயரையும் மைக்ரோகிராம் அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ரோட்டாகேப் வாங்கி வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பார்க்க மாத்திரை போலவே இருக்கும் அந்தக் கேப்சூலைத் தண்ணீர் குடித்து விழுங்கக் கூடாது. ரோட்டாஹேலர் கருவியில் போட்டு உடைத்து, உள்ளே இருக்கும் பொடியை இழுக்க வேண்டும். விவரம் சொல்லாமல் பெரியவர்கள் கையில் பட்டியைக் கொடுத்துவிட்டால் அவர்கள் விழுங்கத்தான் செய்வார்கள்.

சொந்த உபயோகத்துக்கு மூன்று மாதத்துக்கான மருந்து வரை சிங்கப்பூருக்குள் கொண்டுவரலாம் என்பது பொதுவான விதி. டாக்டர் சீட்டையும் உடன் வைத்திருங்கள். பம்பைக் கைப்பையில் வையுங்கள். பெட்டியில் போட்டுச் சரக்குப் பகுதிக்கு அனுப்பிவிட்டு நாலரை மணி நேரம் வானத்தில் தவிக்க வேண்டாம்.

14. டெரிஃபிலின் போன்ற மாத்திரைகளை யார் சொன்னாலும் நீங்களாகப் போடாதீர்கள். தியோஃபிலின் வகை மருந்துகளில் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் நடுவில் இடைவெளி மிகக் குறைவு. சிப்ரோஃப்ளோக்ஸாசின், எரித்ரோமைசின் போன்ற கிருமிக்கொல்லி மருந்தோடு சேர்ந்தால் ரத்தத்தில் அளவு ஏறிவிடும். மான்டிலூகாஸ்ட் என்ற ஆஸ்துமா மாத்திரை கொடுக்கப்படும் பிள்ளைக்குக் கெட்ட கனவு, காரணமில்லாத கோபம், சோர்வு என்று குணம் மாறினால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் அந்த மருந்துக்கு இதற்காகவே மிகக் கடுமையான எச்சரிக்கை போட வைத்தது.

15. வேறு வியாதிக்கு வாங்கும் மருந்தும் இழுப்பைக் கிளறலாம். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், மெஃபெனமிக் அமிலம் போன்ற வலி மாத்திரைகள் ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. இன்னொன்று பலருக்கும் தெரியாதது: கண் அழுத்தத்துக்குப் போடும் டைமோலால் சொட்டு மருந்து. கண்ணில் விடும் ஒரு சொட்டு நெஞ்சை அடைக்குமா என்று தோன்றும். அடைக்கும், அது ரத்தத்தில் கலந்து மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். பாட்டிக்குக் கண் டாக்டரைப் பார்க்கும்போது "ஆஸ்துமா இருக்கு" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

16. ஆடாதொடை, தூதுவளை, துளசிக் கஷாயம் பற்றி. நம் பாட்டிமார் வைத்தியத்தை நான் மதிக்கிறேன். சளி இளக்கும் புரோம்ஹெக்சின் என்ற மருந்து ஆடாதொடையில் உள்ள வேதிப்பொருளிலிருந்து உருவானதுதான். ஊமத்தையின் கதை இன்னும் சுவையானது. அதைப் புகைத்து இழுப்பைத் தணிக்கும் நம் நாட்டு வழக்கத்தைச் சென்னையில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் கவனித்தார். 1802 வாக்கில் அது சென்னையிலிருந்து பிரிட்டனுக்குப் போனது. ஊமத்தை இனத்தில் உள்ள அட்ரோபினை வைத்துப் பின்னாளில் செய்த இப்ராட்ரோபியம்தான் இன்று அவசரப் பிரிவில் நெபுலைசரில் சேர்க்கப்படுகிறது. அதற்காக ஊமத்தையைத் தொட்டுவிடாதீர்கள். அது கொடிய நஞ்சு, இலையில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று அளக்க வழியில்லை. கஷாயம் தொண்டைக்கு இதம் தரும், குடிக்கலாம். மூச்சு முட்டும்போது கஷாயம் கொதிக்கக் காத்திருப்பது தவறு. நெஞ்சில் தைலம் தேய்ப்பதும் மூச்சுக்குழாயைத் திறக்காது. சிலருக்கு அந்த நெடியே இழுப்பைக் கூட்டும்.

17. வீட்டில் புகையைக் குறையுங்கள். வீவக வீட்டில் பூசை அலமாரி பெரும்பாலும் வரவேற்பறையில் இருக்கும். சாம்பிராணி போடாமல் வெள்ளிக்கிழமை போகாது என்றால் சன்னலை முழுக்கத் திறந்து, இழுப்பு உள்ளவரை வேறு அறையில் உட்கார வைத்துவிட்டுப் போடுங்கள். ஊதுபத்திக்குப் பதில் பூவும் விளக்கும் போதும், சாமி கோபித்துக்கொள்ளாது. மிளகாய் வறுப்பதையும் வற்றல் தாளிப்பதையும் புகைபோக்கி ஓடும்போதே செய்யுங்கள். கொசுவர்த்தி வேண்டாம். மெத்தை, தலையணை விரிப்புகளை வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். நம் ஊர் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் பிளோமியா டிராபிகாலிஸ் என்ற தூசிப்பூச்சி சிங்கப்பூர் மெத்தைகளில் செழித்து வளர்கிறது. குளிரூட்டியின் வடிகட்டியையும் மறக்க வேண்டாம்.

18. புகைமூட்டக் காலம் ஜூன் முதல் அக்டோபர் வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். 2013 ஜூன் 21 அன்று காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது. 2015 செப்டம்பர் 25 அன்று பள்ளிகளையே மூடினார்கள். மே மாதத்திலேயே தடுப்புப் பம்பை ஒழுங்காக இழுக்கத் தொடங்கிவிடுங்கள், புகை வந்த பிறகு தொடங்கினால் தாமதம். குறியீடு 100ஐத் தாண்டினால் ஆஸ்துமா உள்ளவர்கள் வெளி வேலையைக் குறைப்பது நல்லது. தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்களும் இதையே செய்யுங்கள். 1972 முதல் வெடி தடை செய்யப்பட்ட சிங்கப்பூரில் இருந்து பழகிய நுரையீரலுக்கு, அங்கே ஒரே இரவில் வரும் வெடிப்புகை பெரிய சோதனை.

19. கர்ப்பிணிகள் பம்பை நிறுத்தாதீர்கள். "வயித்துல பிள்ளைக்கு ஆகாது" என்று மாமியாரோ தாயாரோ சொன்னால், டாக்டரிடமே அவர்களை அழைத்துப்போய்ப் பேச வையுங்கள். தாய்க்கு மூச்சு முட்டினால் பிள்ளைக்குப் போகும் ஆக்ஸிஜன் குறையும், அதுதான் ஆபத்து. நோன்பு இருப்பவர்கள் நோன்பு மாதத்துக்கு முன்பே டாக்டரைப் பார்த்தால், இருவேளைத் தடுப்புப் பம்பை சஹருக்கும் இஃப்தாருக்கும் பொருத்தித் தருவார். இழுப்பு வந்துவிட்டால் பம்பை எடுக்கத் தாமதிக்க வேண்டாம்.

20. செலவு. சிங்கப்பூரின் நாட்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்தில் ஆஸ்துமா 2008 முதல் இருக்கிறது. மெடிசேவ் பணத்தைப் பயன்படுத்தலாம். சாஸ் அட்டை உள்ள குடிமக்களுக்குப் பங்கேற்கும் மருந்தகங்களில் மானியம் உண்டு, பலதுறை மருந்தகத்திலும் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்கு வரும் ஊழியத் தம்பிகளுக்கு: விடுதியில் தங்கி வேலை செய்பவர்களுக்கு 2022 ஏப்ரல் முதல் முதலாளி செலவில் முதல்நிலை மருத்துவத் திட்டம் இருக்கிறது. சிமெண்டுத் தூசியில் வேலை செய்துவிட்டு இரவில் இருமினால், வேலை போய்விடும் என்று பயந்து மறைக்க வேண்டாம். கட்டுப்பாட்டில் இருக்கும் ஆஸ்துமாவோடு எத்தனையோ பேர் முழு வேலை பார்க்கிறார்கள். அறையில் பக்கத்துப் படுக்கைக்காரரின் பம்பைக் கடன் வாங்கி நாள் ஓட்டாதீர்கள்.

21. செயல்திட்டத் தாள் ஒன்றை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பகுதிகளாக, எந்த நிலையில் எந்தப் பம்பை எத்தனை முறை என்று அவர் எழுதித் தருவார். ஒரு படி வீட்டில், ஒன்று பள்ளியில், ஒன்று கைப்பேசியில். வீட்டுப் பணிப்பெண்ணுக்கும் தாத்தா பாட்டிக்கும் அதைப் படித்துக் காட்டி, ஸ்பேசரைப் பிடிக்கவும் பழக்குங்கள். பிள்ளைக்கு மூச்சு முட்டும் நேரத்தில் அப்பா அம்மா வேலையில் இருக்கக்கூடும்.

22. கடும் இழுப்பு வந்தால். முழு வாக்கியம் பேச முடியாமல் சொல் சொல்லாக நிற்பது, பிள்ளையின் விலா எலும்புக்கு நடுவில் தோல் உள்ளே இழுபடுவது, உதடு நீலமாவது, பம்பு இழுத்தும் நான்கு மணி நேரம்கூட நிற்காதது — இவை ஆபத்தின் அடையாளங்கள். வீசிங் சத்தம் திடீரென்று நின்றும் ஆள் தவித்தால் அது குணமல்ல. காற்றே போகவில்லை என்று பொருள். படுக்க வைக்காதீர்கள், நிமிர்ந்து உட்கார வைத்து இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள். செயல்திட்டத் தாளில் உள்ளபடி செய்யுங்கள். தாள் இல்லாவிட்டால் ஆஸ்திரேலியாவில் முதலுதவியாகக் கற்றுத்தரும் முறை நினைவில் வைக்க எளிது: நீலப் பம்பை ஸ்பேசரில் ஒவ்வொன்றாக நான்கு அழுத்து, ஒவ்வொரு அழுத்துக்கும் நான்கு மூச்சு, பிறகு நான்கு நிமிடம் காத்திருப்பு. தணியாவிட்டால் 995ஐ அழையுங்கள். மேலே சொன்ன அடையாளம் ஏதாவது இருந்தால் நான்கு நிமிடம்கூடக் காத்திருக்காமல் முதலிலேயே அழைத்துவிடுங்கள்.

தேக்காவுக்கு மிக அருகே புக்கிட் தீமா சாலையில் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை இருக்கிறது. பிள்ளைகளுக்கான அவசரப் பிரிவு அங்கே இரவு பகலாகத் திறந்திருக்கும். பெரியவர்களுக்கு நொவீனாவில் டான் டோக் செங். பக்கம்தானே என்று கடும் இழுப்பில் இருப்பவரை நடத்தியோ டாக்சி தேடியோ கூட்டிப்போகாதீர்கள். தொலைபேசியில் புளோக் எண்ணையும் வீட்டு எண்ணையும் தெளிவாகச் சொல்லுங்கள், ஒருவர் கீழே போய் மின்தூக்கியைப் பிடித்து வைக்கட்டும். ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை நான்கு அழுத்து, நான்கு நிமிடம் என்று பம்பை நிறுத்தாமல் கொடுத்துக்கொண்டே இருங்கள்.